தாங்கல், பிடி, அப்புறம்தான் திருப்புளி: ஏர் ரைஃபிளின் ஓப்பன் சைட்டை ஜீரோ செய்யும் முழு வழிகாட்டி

ஞாயிறு காலை ரேஞ்சுக்கு வரும் புதியவர்களில் பாதிப் பேருடைய சட்டைப்பையில் ஒரு சின்னத் திருப்புளி இருக்கும். ஐந்து பெல்லட், அதாவது ஈயக்குண்டு, சுடுவார்கள், குறி அட்டையான கார்டைப் பார்ப்பார்கள், திருப்புளியை எடுப்பார்கள். பத்து மணி வெயில் ஏறுவதற்குள் பின் சைட் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பியிருக்கும். குறி மட்டும் வந்திருக்காது.

போன தை மாதம் அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். தோட்டத்துச் சாளையில் கயித்துக்கட்டிலைக் குறுக்கே போட்டு, அதன் சட்டத்தின் மேல் துப்பாக்கியை வைத்து, நடுவில் விழும்வரை சைட்டைத் திருப்பியிருக்கிறான். ரேஞ்சில் நின்று சுட்டால் அத்தனையும் கார்டின் நடுக் கறுப்பு வட்டத்துக்குக் கீழே. "சைட்டு கோணையாப் போச்சுங்ண்ணா, கடைக்காரன் ஏமாத்திட்டானுங்" என்றான். சைட்டில் ஒரு கோணலும் இல்லை. மரச்சட்டம் ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியை மேலே உதைத்துவிட்டிருக்கிறது. அதைச் சரிக்கட்ட அவன் பின் சைட்டை இறக்கிவிட்டான். கைக்கு வந்ததும் உதை போய்விட்டது, இறக்கிய சைட் மட்டும் மிச்சம்.

குறி பார்த்துச் சுட்டால் குண்டு நடுவில் விழும்படி சைட்டைத் திருப்பி வைப்பதுதான் ஜீரோ. அவன் ஜீரோ செய்தது துப்பாக்கியை இல்லை, கட்டிலை. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கட்டிலைப் பற்றியதுதான். இங்கே சொல்வது 4.5 மில்லிமீட்டர் ஸ்பிரிங் ரைஃபிளுக்கும் 10 மீட்டர் தூரத்துக்கும் பொருந்தும். துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட், அழுத்தி அடைத்த காற்றால் சுடும் பி.சி.பி., வெடிமருந்துத் தோட்டா போடும் .22 ரைஃபிள் ஆகியவற்றுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரே பிராண்டு, ஒரே எடை பெல்லட் ஒரு டப்பா. 10 மீட்டர் கார்டு இருபது. அளவு நாடா, மில்லிமீட்டர் ஸ்கேல், பென்சில், நோட்டு. ஆடாத மேசை. கண்ணாடி. திருப்புளி வேண்டும்தான், ஆனால் அதை மேசையில் வைக்காதீர்கள்; பைக்குள்ளேயே இருக்கட்டும். கண்ணில் பட்டால் கை போகும்.

பெல்லட்டை இடையில் மாற்றக் கூடாது. எடை மாறினால் வேகம் மாறும், வேகம் மாறினால் விழும் உயரம் மாறும். பிடியால் வந்த மாற்றமா, குண்டால் வந்த மாற்றமா என்று பிறகு பிரித்துப் பார்க்கவே முடியாது.

தூரத்தை நாடா வைத்து அளங்கள். காலடி போட்டு அளந்த பத்து மீட்டர் ஆளுக்கு ஆள் எட்டரையாகவும் பதினொன்றாகவும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கார்டுக்குப் பின்னால் குண்டை வாங்கிக்கொள்ளும் தடுப்பு கட்டாயம். கெட்டியான மரப்பெட்டிக்குள் பனியன் வேஸ்ட் துணியை இறுக்கித் திணித்து, அதற்கும் பின்னால் தடித்த பலகை வைத்தால் போதும். வேஸ்ட்டுக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன! தென்னை மரத்தில் கார்டை ஒட்டிச் சுடாதீர்கள். உருண்டையான, கெட்டியான எதில் பட்டாலும் ஈயக்குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. சுட்டு முடித்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

சட்டம் பற்றி இரண்டு வரி. 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையோ, வாய்முனை ஆற்றல் 20 ஜூல் அளவையோ தாண்டும் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும். அதற்குள் அடங்கும் துப்பாக்கி என்றாலும் தோட்டத்துக்கு வரும் மயிலின் மேல் அதைத் திருப்ப முடியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மயில் தக்காளியைக் கொத்தும் எரிச்சல் எனக்கும் தெரியும். அதற்கு வழி வேறு.

2. ஆட்டம் பார்த்தல்

துப்பாக்கியின் மரப்பாகமான கட்டையையும் இரும்பையும் சேர்க்கும் திருகுகள், பின் சைட்டை இருத்தும் திருகு, முன் சைட்டின் அடி, இந்த மூன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் ரைஃபிள் ஒவ்வொரு முறையும் தன்னைத்தானே குலுக்கிக்கொள்ளும் எந்திரம். கட்டைத் திருகு அரைச் சுற்று தளர்ந்தாலே குரூப், அதாவது கார்டில் துளைகள் சேர்ந்து விழும் கொத்து, இரண்டாகப் பிரியும். குழல் மடங்கும் வகை என்றால் மடங்கும் மூட்டில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதுத் துப்பாக்கி முதல் சில நாள் எண்ணெய்ப் புகை கக்கும், சத்தமும் குண்டுக்குக் குண்டு மாறும். உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெய் அழுத்தத்தில் எரிவதால் வேகம் ஏறி இறங்குகிறது. அந்தப் புகை நிற்கும்வரை ஜீரோவை நினைக்காதீர்கள். சும்மா சுட்டுப் பழகுங்கள்.

3. எந்த நிலைக்கு ஜீரோ என்று முடிவு செய்தல்

இதை முதலில் கேட்டால் பலர் விழிப்பார்கள். நின்று சுடப் போகிறீர்களா? படுத்தா? மேசையில் தாங்கல் வைத்தா? போட்டிக்கு என்றால் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் நின்றபடி, கையால் மட்டும் தாங்கிச் சுடுவது. துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் வாரான ஸ்லிங்கும் கிடையாது, தாங்கலும் கிடையாது. அப்படியானால் உங்கள் கடைசி ஜீரோ நின்ற நிலையில்தான் முடிய வேண்டும்.

பின்னே மேசை எதற்கு என்று கேட்பீர்கள். புதியவர் நின்று சுட்டால் குரூப் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவும். அதன் நடு எது என்றே தெரியாது. மேசையில் பரவலைச் சுருக்கி, சைட்டை ஓரளவு சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எழுந்து நின்று மிச்சத்தைத் தீர்க்கிறோம். மேசை பாதி வழிக்கான வண்டி.

4. பிடி மாறினால் குறி ஏன் மாறுகிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதிப் படிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ட்ரிகரை விட்டதும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் நகர்கிறது. முன்னால் நெருங்கிய காற்றுமெத்தையில் பிஸ்டன் மோதி நிற்கும்போது துப்பாக்கி திடுக்கென்று முன்னே இழுபடுகிறது. இது எல்லாம் ஏறக்குறைய நூறில் ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது. இந்த ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பெல்லட் குழலை விட்டு வெளியேறுகிறது.

ஆக, பெல்லட் வெளியேறும் கணத்தில் குழலின் வாய் நீங்கள் குறி பார்த்த திசையில் இருக்காது, கொஞ்சம் நகர்ந்திருக்கும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதைத் துப்பாக்கி எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பது தீர்மானிக்கிறது: அடியில் கல்லா, பையா, உள்ளங்கையா, தோளில் அழுத்தமா, தொடலா. நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் பிரச்சினையே இல்லை, சைட்டைத் திருப்பி அதைச் சரிக்கட்டிவிடலாம். முறைக்கு முறை மாறினால் எந்தத் திருப்புளியாலும் ஆகாது.

பி.சி.பி.யில் கனத்த பிஸ்டன் ஓட்டம் இல்லை, அதனால் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. .22-லும் குண்டு சீக்கிரம் வெளியேறிவிடும். என்.சி.சி.யில் .22 சுட்டுப் பழகிய பிள்ளைகள் எங்களிடம் வந்து முதலில் தடுக்குவது இங்கேதான். தோளில் இறுக்கி இழுத்து, கட்டையைக் கெட்டியாகப் பற்றிச் சுடச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பிடி அங்கே நல்ல பிடி. ஸ்பிரிங் ரைஃபிளில் அதே இறுக்கம் ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் கூடிக் குறைந்து, குரூப்பைச் சிதறடிக்கும்.

5. தாங்கலைத் தயார் செய்தல்

கெட்டியான எதன் மேலும் துப்பாக்கியை நேராக வைக்காதீர்கள். செங்கல், மேசை விளிம்பு, கட்டில் சட்டம், திண்ணை எதுவானாலும் துப்பாக்கி அதிலிருந்து துள்ளும். துள்ளல் பெரும்பாலும் மேல்நோக்கி, அதனால் குரூப் மேலே ஏறும். சுவரோரம் பக்கவாட்டில் சாய்த்துச் சுட்டால் சுவரை விட்டு விலகிப் போகும்.

பைதான் வேண்டும். பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு முனையைத் தைத்து, நிரப்பி, மறுமுனையைக் கட்டினால் பை தயார். எதை நிரப்புவது என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு கட்சி.

மணலை முக்கால் அளவு நிரப்புங்கள். முழுக்கத் திணித்தால் அதுவும் கல்தான். முக்கால் பையின் நடுவில் முழங்கையால் ஒரு குழி பண்ணினால் கட்டை அதில் உட்கார்ந்துகொள்ளும். பொள்ளாச்சி நார்க்கழிவை நிரப்பிப் பார்த்தோம். தூக்க லேசாக இருந்தது, ஆனால் குண்டுக்குக் குண்டு அமுங்கிக்கொண்டே போகிறது. ஐந்தாவது குண்டுக்குத் துப்பாக்கி உட்காரும் விதமே வேறு. பருத்திக்கொட்டை அருமையாக இருந்தது, வடிவம் பிடித்து நிற்கும், மெத்தென்றும் இருக்கும். இரண்டு பையையும் எலி ஓட்டை போட்டுத் தீர்த்துவிட்டது. இப்போது மணல் பை, அதன் மேல் நாலாக மடித்த பனியன் துணி. இதுவே போதும்.

உயரம் முக்கியம். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, கன்னத்தைக் கட்டையில் வைத்தால் கழுத்து வலிக்காமல் முன் சைட்டின் முள் கண்ணுக்கு நேரே வர வேண்டும். தாங்கல் தாழ்வாக இருந்தால் தோளைக் குறுக்கிக் குனிவீர்கள். அந்தக் குனிந்த பிடி நீங்கள் நின்று சுடும்போது எங்கேயும் வராது. செங்கல் வேண்டுமானால் பைக்குக் கீழே வையுங்கள், அங்கே அதனால் கெடுதல் இல்லை.

6. துப்பாக்கி எந்த இடத்தில் உட்கார வேண்டும்

குழல் எதன் மேலும் படக் கூடாது. படிகளில் இது ஒன்றைத்தான் நான் கத்திச் சொல்வது. முன் சைட் குழலின் மேல்தான் இருக்கிறது. குழலைப் பையில் சாய்த்தால் துப்பாக்கியின் எடையே குழலை மேலே நெருக்கும், அது துடிக்கும் விதமும் மாறும். மடங்கும் குழல் என்றால் இரண்டு மடங்கு மோசம்.

கட்டையின் அடியில், ட்ரிகர் வளையத்துக்கு முன்னாலிருந்து கட்டை நுனி வரைக்கும் நடுவே ஏதோ ஓரிடத்தில் துப்பாக்கி தராசு போல நிற்கும். அங்கிருந்து தொடங்குங்கள். தாங்கல் நுனிப்பக்கம் போனால் ஒரு மாதிரி விழும், ட்ரிகர் பக்கம் வந்தால் வேறு மாதிரி விழும். எந்த இடம் நல்ல இடம் என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். இரண்டு மூன்று இடத்தில் ஐந்தைந்து சுட்டு, குரூப் சின்னதாக வந்த இடத்தில் கட்டையின் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டுங்கள். இனி எப்போதும் அந்த டேப்புதான் பையில் உட்காரும்.

இதையெல்லாம்விட நல்ல வழி ஒன்று உண்டு: புறங்கையைப் பையின் மேல் வைத்து, திறந்த உள்ளங்கையில் துப்பாக்கியை ஏந்துவது. துப்பாக்கி தொடுவது சதையை, பை தாங்குவது கையை. நீங்கள் எழுந்து நின்றாலும் அதே உள்ளங்கை, அதே இடம். மேசை ஜீரோவுக்கும் நின்ற ஜீரோவுக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் மிகக் குறைவாக வரும். கை கொஞ்சம் மரத்துப் போகும், ஐந்துக்கு ஒருமுறை உதறிக்கொள்ளுங்கள்.

7. பிடி

முன்கை. உள்ளங்கை திறந்திருக்கட்டும். விரல்கள் கட்டையின் பக்கத்தைத் தொடலாம், கவ்வக் கூடாது. தூளியில் குழந்தையைப் போட்ட மாதிரி கிடக்க வேண்டும்.

தோள். கட்டையின் பின்முனையான பட் தோளைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரே எலும்புக் குழியில் தொட வேண்டும். கனத்த சட்டை போட்ட நாளும் பனியனோடு சுட்ட நாளும் ஒரே ஜீரோ கொடுக்காது. மார்கழியில் ஸ்வெட்டரோடு ஜீரோ செய்துவிட்டுச் சித்திரையில் குழம்புகிறவர்கள் உண்டு.

கன்னம். இதில்தான் பலர் ஏமாறுவது, ஏனென்றால் மாறியதே தெரியாது. கன்னத்தை அழுத்தினால் கட்டை பக்கவாட்டில் தள்ளப்படும், குண்டு வெளியேறும்போது விலகிப் போகும். எடையை மட்டும் வையுங்கள். உங்கள் கன்னம் படும் இடத்தில் கட்டையின் மேல் சின்னதாக ஒரு பிளாஸ்டர் ஒட்டினால் தோல் தானே இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

ட்ரிகர் கை. கை குலுக்கும் அளவு இறுக்கம். பெருவிரலை அழுத்துகிறவருக்குக் குரூப் பக்கவாட்டில் நீளும். விரல் நுனிச் சதை ட்ரிகரில் நேர் பின்னோக்கி இழுக்க வேண்டும். மடிப்பு வரைக்கும் விரலை நுழைத்தால் இழுப்பு கோணலாகும்.

சாய்வு. துப்பாக்கியை வலப்பக்கம் சாய்த்தால் குண்டு வலமும் கீழுமாக விழும். கணக்கு இது: வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டருக்குள் 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கீழே இறங்குகிறது. அதைச் சரிக்கட்டக் குழல் அவ்வளவு மேல்நோக்கி இருக்கிறது. துப்பாக்கி 10 டிகிரி சாய்ந்தால் அந்த மேல்நோக்கு கொஞ்சம் பக்கநோக்காக மாறி, குண்டு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் ஒதுங்கும். கார்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டர்தான். பையின் குழி ஒரு பக்கம் சரிந்திருந்தால் இந்தச் சாய்வு உங்களுக்குத் தெரியாமலே ஜீரோவுக்குள் புகுந்துவிடும். சுடும் முன் பின் சைட்டின் மேல்விளிம்பைக் கார்டின் மேல்விளிம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

8. கண்ணும் முள்ளும்

பின் சைட்டின் பள்ளத்தில் முள் நடுவே நிற்க வேண்டும், இருபக்கமும் ஒரே அளவு வெளிச்சம், தலை மட்டம் ஒன்றாக. பார்வை முள்ளின் மேல்; கார்டு மங்கலாகத் தெரியட்டும். புதியவர் கறுப்பைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்டு முள்ளைக் கோட்டை விடுவார். முன்னும் பின்னும் உள்ள சைட்டுகளுக்கு இடையே 450 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முள் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு காகிதத் தடிமன், விலகினால் 10 மீட்டரில் 2.2 மில்லிமீட்டர். முள் சரியாக நின்று, முழுத் துப்பாக்கியும் 2 மில்லிமீட்டர் தள்ளாடினால் விலகல் அதே 2 மில்லிமீட்டர்தான். கை தள்ளாட்டத்துக்குப் பயந்து முள்ளை விடுவது நட்டம்.

முள்ளைக் கறுப்பின் அடியில் நிறுத்துவதா, நடுவில் நிறுத்துவதா? எதுவானாலும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நான் அடியில், மயிரிழை வெள்ளை விட்டு நிறுத்தச் சொல்வேன். கறுப்பு முள் கறுப்பு வட்டத்துக்குள் போனால் விளிம்பு தெரியாது. ஆனால் இந்த ஜீரோ அந்தக் கார்டுக்கு மட்டும்தான். 10 மீட்டர் கார்டின் கறுப்பு 30.5 மில்லிமீட்டர் அகலம். அடியில் நிறுத்தி நடுவில் விழ வைக்க வேண்டுமானால் குண்டு குறிக்கு மேல் 15 மில்லிமீட்டர் போக வேண்டும். வேறு அளவுக் கறுப்புக்கு மாறினால் உயரம் மாறும். துப்பாக்கியைக் குற்றம் சொல்லக் கூடாது.

முள் பளபளத்தால் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் பட்டு அகலம் ஏமாற்றும். கற்பூரத்தைக் கொளுத்தி அதன் புகையில் ஒரு நொடி காட்டினால் கரி படிந்து மங்கிவிடும். ஃபைபர் ஆப்டிக் முள்ளில் இதைச் செய்யாதீர்கள், உருகிவிடும். பீப் சைட் என்றால் மங்கல் பிரச்சினை குறைவு. ஆனால் பின் துளைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும், அது மறுபடியும் கன்னத்தின் இடம்தான்.

9. உடல் தானாகக் குறி பார்க்க வேண்டும்

பிடியை எல்லாம் அமைத்தாயிற்று. கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். முள் கறுப்புக்கு இடப்பக்கம் போயிருக்கிறதா? கையால் தள்ளி வலப்பக்கம் கொண்டுவராதீர்கள். நாற்காலியை, இடுப்பை, பையை நகர்த்துங்கள். தசையால் தள்ளி நிறுத்திய துப்பாக்கி, குண்டு வெடித்த கணத்தில் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். குண்டும் அந்தப் பக்கமே போகும். நின்று சுடும்போது இதையே பாத வைப்பால் செய்ய வேண்டும்.

ஸ்பிரிங் ரைஃபிளைப் பெல்லட் இல்லாமல் ஏற்றிச் சுட்டு ஒத்திகை பார்க்காதீர்கள். முன்னால் அடைப்பு இல்லாததால் பிஸ்டன் நேராகப் போய் முட்டிக் கெடும். ஏற்றாமலேயே பிடியை மட்டும் பத்து முறை எடுத்து எடுத்து வையுங்கள்.

10. முதல் இரண்டு கார்டு: கை கட்டிக்கொண்டு பார்ப்பது

ஐந்து குண்டு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ட்ரிகரை இழுத்து, குண்டு போன பிறகும் "ஒன்று, இரண்டு" எண்ணும்வரை முள்ளைப் பார்த்தபடியே இருங்கள். தலையை உடனே தூக்கிக் கார்டைப் பார்க்கிறவர் நாளடைவில் குண்டு வெளியேறும் முன்னாலேயே தூக்கத் தொடங்குவார்.

பிறகு எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பிடியைப் புதிதாக அமைத்து, அடுத்த கார்டில் ஐந்து. இந்த எழுந்து வருவதைத்தான் எல்லாரும் தவிர்க்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருபது சுட்டால் குரூப் அழகாக இருக்கும். அது அந்த ஒரு உட்காருதலின் ஜீரோ. எழுந்து வந்து உட்கார்ந்ததும் குரூப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருக்கும். இரண்டு கார்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு குரூப்பும் ஒரே இடத்தில் இருந்தால்தான் அடுத்த படி.

ஒரே இடத்தில் இல்லையா? பரவும் விதத்தைப் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டால் மூச்சு, தோள் அழுத்தம், அல்லது முள்ளின் தலை மட்டம். இடம் வலமாக நீண்டால் ட்ரிகர் விரல், பெருவிரல், கன்னம். இரண்டு தனிக் கொத்துகளாக விழுந்தால் இடையில் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது. முதலில் கன்னத்தையும், பையில் டேப் உட்காரும் இடத்தையும், அப்புறம் கட்டைத் திருகையும் சந்தேகப்படுங்கள்.

"நாலு நல்லா இருக்குதுங்ண்ணா, ஒண்ணுதான் ஓடிப்போச்சுங்" என்று ஓடிய ஒன்றை விட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். குண்டு போகும்போதே கை தவறியது என்று உணர்ந்திருந்தால் விடலாம். கார்டைப் பார்த்த பிறகு விடக் கூடாது.

11. இப்போது திருப்புளி

பத்து துளைகளின் நடுவைக் கண்டுபிடியுங்கள். கார்டின் நடுவிலிருந்து ஒவ்வொரு துளையும் இடம் வலமாக எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக் கூட்டிப் பத்தால் வகுங்கள். உயரத்துக்கும் அதேபோல. அந்த விலகல் குரூப் அகலத்தில் கால்பங்குக்கும் குறைவு என்றால் திருகைத் தொடாதீர்கள். அடுத்த பத்தில் அது எதிர்ப்பக்கம் போனாலும் போகும்.

திசை எளிது. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். வலம் போக வேண்டுமானால் வலம், மேலே போக வேண்டுமானால் மேலே. முன் சைட்டை நகர்த்தும் துப்பாக்கி என்றால் இதற்கு நேர் எதிர்.

அளவு: விலகலைச் சைட்டுகளின் இடைவெளியால் பெருக்கி, தூரத்தால் வகுங்கள். 20 மில்லிமீட்டர் விலகல், 450 மில்லிமீட்டர் இடைவெளி, 10,000 மில்லிமீட்டர் தூரம். விடை 0.9 மில்லிமீட்டர். பின் சைட் நகர வேண்டியது அவ்வளவுதான். இதைத் தெரியாமல்தான் முழுச் சுற்று திருப்பிவிட்டு மறுபக்கம் தேடுகிறார்கள்.

திருப்பும்போது சத்தத்தோடு படிப்படியாக நகரும் க்ளிக் உள்ள சைட் என்றால் பத்து க்ளிக் திருப்பி ஐந்து சுட்டு, குரூப் எவ்வளவு நகர்ந்தது என்று ஒருமுறை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த சைட்டுகளில் திருகுக்கு வெற்றாட்டம் உண்டு. திசை மாற்றும்போது முதல் ஒன்றிரண்டு க்ளிக் ஒன்றும் செய்யாது. அதனால் கொஞ்சம் தாண்டிப் போய், எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருப்புங்கள்: முதலில் இடம் வலம், ஐந்து குண்டு, பிறகு உயரம்.

12. மேசையிலிருந்து எழுந்து நிற்பது

மேசை ஜீரோ வந்ததும் அதே நாளில், அதே வெளிச்சத்தில், நின்று இருபது குண்டு சுடுங்கள். பரவல் பெரிதாகத்தான் இருக்கும். அதன் நடுவைக் கணக்கிட்டு மேசைக் குரூப்பின் நடுவோடு ஒப்பிடுங்கள். வித்தியாசத்தைத் திருப்ப அவசரப்படாதீர்கள். மூன்று தனித்தனி நாட்களில் அதே பக்கம், ஏறக்குறைய அதே அளவு வந்தால் அது பிடியால் வரும் உண்மையான நகர்வு. அப்போது நின்ற நிலைக்குச் சைட்டைத் திருப்பி, மேசைக்கு எத்தனை க்ளிக் வித்தியாசம் என்று எழுதிவையுங்கள். நாளுக்கு நாள் பக்கம் மாறினால் அது உங்கள் நிற்கும் முறை இன்னும் நிலைப்படாததன் அடையாளம். சைட்டுக்கு அதில் வேலை இல்லை.

படுத்து .22 சுடுகிறவர்களுக்கு இங்கே ஸ்லிங் வந்து சேரும். ஸ்லிங் கட்டையை இழுக்கிறது. ஒரு துளை இறுக்கினால் குரூப் நகரும், கட்டை குழலைத் தொடும் துப்பாக்கியில் இன்னும் அதிகம். எந்தத் துளையில் மாட்டினீர்கள் என்று பேனாவால் குறித்துவையுங்கள். பையில் வைத்து ஜீரோ செய்து, ஸ்லிங்கோடு போட்டிக்குப் போவது கட்டில் கதைதான்.

13. காற்றும் பூட்டும்

கொட்டகைக்குள் 10 மீட்டரில் காற்றை மறந்துவிடலாம். தோட்டத்தில் திறந்தவெளியில் 25 மீட்டருக்கு ஜீரோ செய்கிறவர் ஆடி மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பெல்லட் பறக்கும். காற்று விழுந்த விடியற்காலையில் செய்யுங்கள்.

முடிந்ததும் சைட் திருகின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுங்கள். திருகு நகர்ந்தால் கோடு முறியும். நோட்டில் தேதி, பெல்லட், தூரம், நிலை, தாங்கல், டேப் இடம், சட்டை, முள்ளை நிறுத்திய இடம், க்ளிக் எண்ணிக்கை. அடுத்த வாரம் வந்ததும் எதையும் தொடாமல் ஐந்து சுட்டு, அதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

அன்னூர்ப் பையன் மூன்றாவது ஞாயிறு துப்பாக்கியைக் கொண்டுவந்தபோது கோடு ரோஜா நிறத்தில் இருந்தது. "அக்காளுதுங்ண்ணா, இதான் கிடைச்சுதுங்" என்றான். கோடு முறியவில்லை. தோளைப் பார்த்தேன்: புதுச் சட்டை, தடித்த துணி. "அதையும் நோட்டுல எழுதிக்க, தம்பி" என்றேன்.